நார் இருக்கிற பீன்ஸ்

எங்கள் கொல்லையில் முதலில் கொடி ஏறியது பீன்ஸ் இல்லை, அவரை. வட கரோலினாவில் ராலே நகரத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கின முதல் வருஷம், பின்பக்கப் புல்லைக் கொத்திப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேலென்று களிமண். கோபி பக்கம் எங்கள் அம்மாயி காட்டில் பார்த்த அதே நிறம். பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டெக்சாஸில் இருக்கிற தோழி ஒருத்தி தபாலில் அனுப்பின பத்துக் கொடி அவரை விதையை மே மாதம் ஊன்றினேன். பத்தும் முளைத்தது. ஜூலையில் கொடி வேலியைத் தாண்டி, ஆகஸ்டில் கூரை ஓரத்து மழைத்தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. வீடியோவில் பார்த்த அம்மா, "என்ன கண்ணு, காடு மாதிரி இருக்குது, பூவே காணோம்?" என்றார்.

பூ வந்தது செப்டம்பர் கடைசியில். பிஞ்சு இறங்க ஆரம்பித்த சமயம் அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி உறைபனி, காலையில் பார்த்தால் மொத்தக் கொடியும் வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. ஆறு மாதம் தண்ணீர் ஊற்றினதற்கு இரண்டு கைப்பிடி காய்.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. நாட்டுக் கொடி அவரைக்குப் பகல் நேரம் சுருங்கினால்தான் பூக்கத் தோன்றும். ஊரில் ஆடியில் ஊன்றுவோம், ஐப்பசி கார்த்திகையில் பகல் குறையும்போது பூக்கும், மார்கழி தையில் காய் தின்றுமுடியாது. இங்கே ஜூன் மாதத்தில் பகல் 14 மணி நேரத்துக்கும் மேல். கோபியில் வருஷத்தின் மிக நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. பாவம், அவரை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது, நான்தான் போடவில்லை.

இந்தக் கூத்தை எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் பக்கத்து வீட்டம்மா. எழுபத்தெட்டு வயது, மாநிலத்தின் மேற்குக் கோடியில் அப்பலாச்சியன் மலையில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணமாகி இங்கே கீழே வந்தவர். இங்கே தெற்கில் வயதானவர்களை 'மிஸ்' போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை, நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், இங்கே பெயர் வேண்டாம். பனி விழுந்த மறுநாள் ஒரு பழைய தபால் உறையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உள்ளே நாற்பது விதை இருக்கும், வெள்ளை, சின்னது. "இது என் அம்மாவோட விதை. அடுத்த வருஷம் இதைப் போடு ஹனி, அந்த ராட்சசனை விட்டுடு" என்றார். பெயர் 'க்ரீஸி பீன்ஸ்'. சாதாரண பீன்ஸ் காயில் கண்ணுக்குத் தெரியாத ரோமம் இருக்கும், இதில் இருக்காது, அதனால் எண்ணெய் தொட்டுத் துடைத்த மாதிரி பளபளக்கும். அதுதான் பெயர்க் காரணம். அந்த மலைப்பக்கத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் இப்படி ஒரு கொடி பீன்ஸ் விதை உண்டு, தாயிடமிருந்து மகளுக்குப் போவது. பொதுவாக இந்த மாதிரிப் பாரம்பரிய ரகங்களை ஏர்லூம் என்கிறார்கள்.

நாற்பதில் அந்த முதல் வருஷம் எத்தனை கொன்றேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன், பதினேழு.

ஏப்ரல் நடுவில் பனிப் பயம் போய்விடும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பனி இல்லை என்பதும் மண் சூடாகிவிட்டது என்பதும் வேறு வேறு. நான் ஏப்ரல் 15ஆம் தேதி, அதுவும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்த விதையை ஊன்றினேன். ஊறவைத்தது பயறு முளைகட்டுகிற பழக்கம். பீன்ஸ் விதைக்கு அது ஆகாது, ஒரே ராத்திரியில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துத் தோல் வெடித்து, குளிர்ந்த மண்ணில் முளைக்காமல் அழுகிப்போகும். ஒரு வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் மாவு மாதிரி நசுங்குகிறது. மண் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகு, நம் கணக்கில் 16 டிகிரி செல்சியஸ், உலர்ந்த விதையை அப்படியே ஓர் அங்குல ஆழத்தில் போட்டால் எட்டுப் பத்து நாளில் முளை வந்துவிடும். இப்போது நான் மே முதல் வாரத்துக்கு முன்னால் விதைப் பாட்டிலைத் திறப்பதே இல்லை.

அடுத்த சாவு களிமண்ணால். மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் இந்த மண் மேலே சப்பாத்தி மாதிரி ஏடு கட்டிவிடும். பீன்ஸ் முளை எப்படி வரும் தெரியுமா, தலையைக் குனிந்துகொண்டு கழுத்தை வளைத்து, அந்த வளைவால்தான் மண்ணை முட்டித் தூக்கும். ஏடு கட்டியிருந்தால் கழுத்து ஒடிந்துவிடும். வெளியே ஒரு வெள்ளைத் தண்டு மட்டும் நிற்கும், பருப்பும் இலையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் குழி போட்டு விதை வைத்ததும் அதே மண்ணால் மூடாமல் பொலபொலவென்ற மக்கு உரத்தால் மூடுகிறேன். பிழைத்து வந்ததில் பாதியை முயல் தின்றது. கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டின மாதிரி தண்டு இருந்தால் அது முயல்தான், வேறு ஆளைத் தேட வேண்டாம். இரண்டடி உயரக் கோழிவலையைச் சுற்றிலும் அடித்து, அடிப்பக்கத்தை மண்ணில் கொஞ்சம் புதைத்த பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது.

ஊரில் பயறு விதைக்கிறபோது ரைசோபியம் என்கிற வேர்முடிச்சு பாக்டீரியாவை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பார்கள் இல்லையா, அதையே இங்கேயும் செய்கிறேன். பீன்ஸுக்கான ரைசோபியம் பொடி இங்கே விதைக் கடைகளில் கிடைக்கும், கஞ்சி நம் வீட்டில் கிடைக்கும். பீன்ஸே கண்டிராத புது மண்ணில் முதல் வருஷம் இது கட்டாயம் என்பேன். வேலை செய்ததா என்று பார்க்க, பூக்கிற சமயத்தில் ஒரு செடியைத் தியாகம் பண்ணிப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே கறி மாதிரி இளஞ்சிவப்பு தெரிந்தால், காற்றிலிருக்கிற தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இது தெரியாமல் இரண்டாம் வருஷம் கோழி எருவை வாரி இறைத்துவிட்டேன். இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது, பூ மட்டும் கிடையாது. மறுபடியும் அவரைக் கதையா என்று பயந்தே போனேன், கடைசியில் மூன்று வாரம் தாமதமாகப் பூத்தது. மக்கு உரம் ஒரு கூடை போதும், அதற்கு மேல் பீன்ஸுக்குச் சோறு ஊட்ட வேண்டாம்.

கொடி ஏறுகிற விஷயத்துக்கு வருவோம். கடையில் விற்கிற ஐந்தடி மூங்கில் குச்சிகளை வாங்கிக் கூடாரம் மாதிரி கட்டினேன். க்ரீஸி பீன்ஸ் எட்டு பத்தடி போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னதை நான் நம்பவில்லை. ஜூலையில் இங்கே தினம் சாயங்காலம் இடியோடு ஒரு மழை வரும், அதில் ஒரு நாள் கூடாரம் அப்படியே சாய்ந்தது. நனைந்த கொடியின் எடை அவ்வளவு. அடுத்த வருஷம் பிளாஸ்டிக் வலை கட்டினேன், அது இன்னும் மோசம். காய்ந்த கொடியை அதிலிருந்து பிய்த்தெடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, போதாக்குறைக்கு ஒரு கருஞ்சாரை வலையில் மாட்டிக்கொண்டு, அதை அறுத்துவிட என் கணவர் பட்ட பாடு தனிக்கதை. விஷமில்லாத பாம்புதான், எலி பிடிக்கிற நல்ல பிராணி, இருந்தாலும் காலை ஏழு மணிக்குக் கத்தரிக்கோலோடு அதன் எதிரே உட்காருவது சுலபமில்லை. இப்போது மாட்டுக் கொட்டிலுக்கு அடிக்கிற கனமான கம்பி வலைப் பலகை, பதினாறடி நீளம், அதை இரண்டு பாத்திக்கு நடுவில் வில்லாக வளைத்து இரும்பு முளைக்கம்பியில் கட்டியிருக்கிறேன். காய் உள்பக்கமாகத் தொங்கும், நிழலில் நின்று பறிக்கலாம். நம்மூர்ப் பந்தலேதான். இதற்கு நான் நாலு வருஷம் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் கேவலம்.

கொடி சுற்றுகிற திசையையும் சொல்லிவிடுகிறேன். பீன்ஸ் கொடி மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். வழி தவறின கொடியை அன்பாக எடுத்து நமக்கு வசதியான பக்கம் சுற்றிவிட்டால், மறுநாள் அது அவிழ்ந்து தொங்கும். எட்டு மணி நேரத்தில் அது அவிழ்வதை என் மகன் பள்ளிக்கூட அறிவியல் வேலைக்காகப் படம் எடுத்தான். அது போகிற பக்கமாகவே ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும், பிறகு தானே போய்க்கொள்ளும்.

ஒரு வருஷம் சோளத்தோடும் போட்டுப் பார்த்தேன். இந்த மண்ணின் பழங்குடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாகப் போடுவது பழைய முறை, சோளத்தட்டைதான் கொழுகொம்பு. நான் மூன்றையும் ஒரே நாளில் ஊன்றினேன். சோளம் முழங்கால் உயரம் வருமுன் பீன்ஸ் அதைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டது. சோளம் முழங்கால் உயரம் வந்த பிறகுதான் பீன்ஸ் ஊன்ற வேண்டும், அதுவும் நல்ல தடித்த தட்டை உள்ள சோளமாக இருக்க வேண்டும், இனிப்புச் சோளம் தாங்காது.

இப்போது வண்டு. இதை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் நான் படித்தவள் மாதிரி நடந்து முட்டாளானேன். ஜூன் மாதம் இலையில் ஒரு பொறிவண்டு உட்கார்ந்திருந்தது, ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம், முதுகில் கறுப்புப் புள்ளிகள். பொறிவண்டு அசுவினியைத் தின்னும், விவசாயிக்கு நண்பன், அதைக் கொல்லக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். போட்டோ எடுத்தோம். பத்து நாளில் இலைகள் எல்லாம் சல்லடை. நரம்பு மட்டும் நிற்கிறது, சதையைக் காணோம். இலையைத் திருப்பினால் அடியில் முள் முளைத்த மஞ்சள் புழுக்கள்.

அது மெக்சிகன் பீன்ஸ் வண்டு. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்கிற கிளை. நம்மூர்க் கத்தரிச் செடியில் இலையைச் சுரண்டித் தின்னுமே புள்ளி வண்டு, அதன் சொந்தக்காரி. முதுகில் பதினாறு புள்ளி, மூன்று வரிசை, அதை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். மே கடைசியிலிருந்தே இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், மஞ்சள் முட்டை நாற்பது ஐம்பது கொத்தாக நிமிர்த்தி நட்ட மாதிரி இருக்கும். கட்டை விரலால் ஒரு தேய்ப்பு, முடிந்தது. தினம் காலையில் காப்பி டம்ளரோடு ஒரு சுற்று சுற்றினால் மருந்தே தேவைப்படாது. பெரிய வண்டுகளைச் சோப்புத் தண்ணீர்க் குவளையில் தட்டிவிடலாம். ஜப்பான் வண்டு என்று பச்சையும் செம்பும் மின்னுகிற இன்னொரு தொல்லை ஜூன் கடைசியில் வரும், அதற்கும் இதே குவளைதான். விடிகாலையில் குளிருக்குச் சோம்பிக் கிடக்கும், தட்டினால் பறக்காமல் நேரே கீழே விழும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் ஒன்று உண்டு. இந்த மெக்சிகன் வண்டைப் பிடிக்க ஒரு குட்டிக் குளவியை 1966இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள், எங்கிருந்து என்றால் இந்தியாவிலிருந்து. ஊரில் புள்ளி வண்டின் புழுவுக்குள் முட்டை வைத்துப் பழகின குளவி, இங்கே வந்து மெக்சிகோக்காரனையும் விடவில்லை. ஆனால் இந்தக் குளிர்காலத்தைத் தாங்காது, வருஷா வருஷம் செத்துவிடும். அதனால் ஆய்வகத்தில் வளர்த்து ஒவ்வொரு கோடையிலும் புதிதாக விடுகிறார்கள், நியூ ஜெர்சி மாநில வேளாண் துறை பல வருஷமாக இதைச் செய்கிறது. விலைக்கும் கிடைக்கும். ஒரு வருஷம் வாங்கி விட்டேன். இரண்டு வாரத்தில் மஞ்சள் புழுக்கள் பழுப்பாகிச் சுருங்கி இலையிலேயே ஒட்டிக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. குளிர் தாங்காத ஊர்க்காரி என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம்.

இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி விழுகிற துரு நோய் பற்றி ஒரே வார்த்தை: ஈரமாக இருக்கும்போது கொடியைத் தொடாதீர்கள். மழை விட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்குப் பழக்கமாக இருந்தது, ஒரு செடியில் இருந்த துருவை என் கையாலேயே மொத்த வரிசைக்கும் பரப்பினேன். தண்ணீரும் வேரில் ஊற்றவேண்டும், இலையில் தெளிக்கக்கூடாது.

முதல் காய் வந்தது ஊன்றி எழுபது நாள் ஆனபோது. விரல் நீளம், ஒல்லியாக, பார்க்க அழகாக இருந்தது. கடையில் வாங்குகிற பீன்ஸ் மாதிரியே இருக்கும்போதே பறித்துவிட வேண்டும், விட்டால் முற்றிவிடும் என்று எல்லாவற்றையும் பறித்து, பெருமையாக ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார். "உள்ளே பீன்ஸே இல்லையே ஹனி. வெறும் உறையைப் பறிச்சுட்டு வந்திருக்கே" என்றார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கடை பீன்ஸில் விதை திரண்டால் அது கழிவு. மலைக்காரர்களுக்கு விதை திரளாத காய்தான் கழிவு. காய் புடைத்து, விதை ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே தெரிந்து, ஆனால் தோல் இன்னும் பச்சையாகப் பிஞ்சு மாதிரி இருக்க வேண்டும், அதுதான் பதம். அந்தப் பதத்தில் கடை ரகத்தைச் சமைத்தால் காய்ந்த சருகைத் தின்கிற மாதிரி இருக்கும், ஏனென்றால் அந்த ரகங்கள் இயந்திரம் பறித்தாலும் நசுங்காத தோலுக்காகத் தேர்ந்தெடுத்தவை. கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்ற ஊரில் பில் பெஸ்ட் என்பவர் இந்த மலை பீன்ஸ் ரகங்களை நூற்றுக்கணக்கில் சேகரித்தவர், அவர் விடாமல் சொன்னதும் இதுதான்.

அடுத்த வாரம் புடைத்த காயைப் பறித்தேன். சந்தோஷமாகக் கத்தியை வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, தேங்காய் போட்டுப் பொரியல். ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவர் வாயிலிருந்து எதையோ இழுக்கிறார், இழுக்கிறார், வந்துகொண்டே இருக்கிறது. மகன் தட்டு ஓரத்தில் குட்டிக் குட்டி நூலாக வரிசை கட்டி வைத்திருக்கிறான். "அம்மா, இதுல ஃப்ளாஸ் ஃப்ரீயா?" என்றான். ஃப்ளாஸ் என்றால் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூல்.

நார்! 1890களில் நியூயார்க் மாநிலத்தில் கால்வின் கீனி என்பவர் நாரில்லாத பீன்ஸை உருவாக்கினார், அதற்கப்புறம் கடை பீன்ஸுக்கு நாரே போய்விட்டது. எனக்கும் பீன்ஸ் என்றால் இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு நறுக்குவது என்றே பழகிவிட்டது. இந்தப் பழைய ரகங்களில் இரண்டு பக்கமும் நார் இருக்கும், நாரோடு சேர்ந்துதான் அந்த ருசியும் இருக்கிறது என்பது என் கட்சி. மறுநாள் பக்கத்து வீட்டம்மா தன் வீட்டுத் திண்ணையில், மடியில் பழைய செய்தித்தாளை விரித்து, எனக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். காம்புப் பக்கத்தை லேசாக ஒடித்து, ஒடிந்த துண்டைக் கீழ்நோக்கி இழுத்தால் ஒரு பக்கத்து நார் முழுசாக வரும். பிறகு வால் முனையை ஒடித்து மறுபக்கம் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்புறம் கத்தியே வேண்டாம், விதைக்கு விதை நடுவில் கையாலேயே ஒடிக்கலாம். அவர் இரண்டாவது காயைக் காட்டுவதற்குள் நான் நாலு உரித்திருந்தேன். என்னையே வியப்பாகப் பார்த்தார். அம்மாயி வீட்டில் முறம் முறமாக அவரைக்காய் நார் உரித்த விரல்கள், எனக்குத்தான் மறந்திருந்தது, விரலுக்கு மறக்கவில்லை.

சமைக்கிற நேரமும் வேறு. கடை பீன்ஸ் மாதிரி பத்து நிமிஷத்தில் இறக்கினால் உள்ளே விதை வேகாது. அரைவேக்காட்டு பீன்ஸ் விதை வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும், இதில் விளையாடாதீர்கள். நான் குக்கரில் இரண்டு விசில் விட்டுப் பிறகு தாளிக்கிறேன். மலைக்காரர்கள் பன்றிக் கொழுப்புத் துண்டு போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள், காய் பச்சை நிறம் போய்க் காக்கியாகிவிடும். பார்த்தால் பசி வராது, சாப்பிட்டால் நிறுத்தவும் முடியாது. பருப்பு உசிலிக்கு மட்டும் இந்த பீன்ஸ் சரிப்படாது, விதை மாவாக இருப்பதால் குழைந்துவிடுகிறது. உசிலிக்குக் கடை பீன்ஸே வாங்கிக்கொள்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ஜூலையில் 90 டிகிரியைத் தாண்டினால் (செல்சியஸில் 32) பூ எல்லாம் கொட்டும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன், வெயிலில் எண்ணெய் பட்டு இலையும் கருகியதுதான் மிச்சம். ஒன்றும் செய்ய வேண்டாம், வேரடியில் காய்ந்த புல்லைப் பரப்பி, தண்ணீர் விட்டு, பொறுமையாக இருந்தால் வெயில் தணிந்ததும் மறுபடி பூக்கும். ஜூலை கடைசியில் இரண்டாம் தடவையாக ஒரு வரிசை ஊன்றினால் செப்டம்பர் அக்டோபரில் அருமையாகக் காய்க்கும், வண்டும் அப்போது குறைவு. வெயில் காலத்துக்கென்று 'ராட்டில்ஸ்நேக்' என்ற ரகம் போடுகிறேன், பச்சைக் காயில் ஊதாக் கோடு, சூட்டை ஓரளவு தாங்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'கென்டக்கி வொண்டர்' போடலாம், எங்கும் கிடைக்கும், என்னைப் போன்ற ஆள் கையிலும் பிழைக்கும். காயைப் பறிக்காமல் முற்றவிட்டால் கொடி, வந்த வேலை முடிந்தது என்று நின்றுவிடும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பறித்துத் தின்ன யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

'செரோக்கி ட்ரெயில் ஆஃப் டியர்ஸ்' என்று ஒன்றும் வளர்க்கிறேன். கறுகறுவென்று மின்னுகிற விதை, காய் முற்றும்போது ஊதாவாகும். 1838-39இல் செரோக்கி மக்களை இந்த மலைகளிலிருந்து விரட்டி ஓக்லஹோமாவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள், வழியிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த நடையில் கூட வந்த விதை என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. ஜான் வைக் என்ற செரோக்கி வழிவந்த பல் மருத்துவர் 1977இல் அதை அயோவாவில் இருக்கிற சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற விதைச் சேமிப்பு அமைப்பிடம் கொடுத்தார். அங்கிருந்து பரவித்தான் என் பாத்திவரை வந்திருக்கிறது. இதை உரிக்கிறபோது நான் அதிகம் பேசுவதில்லை.

விதை எடுப்பதில் நான் செய்த தப்பு, எல்லாரும் செய்வது. நல்ல காயை எல்லாம் தின்றுவிட்டு, கடைசியில் மிஞ்சின நோஞ்சான் காய்களை விதைக்கு விட்டேன். அக்டோபர் மழையில் அது காயிலேயே பூசணம் பூத்தது. இப்போது சீக்கிரம் பூத்து நன்றாகக் காய்த்த இரண்டு கொடியைப் பார்த்து, ஆரம்பக் காய்களிலேயே சிவப்பு நூல் கட்டிவிடுகிறேன். சிவப்பு நூல் கட்டினதை யாரும் தொடக்கூடாது, விருந்தாளி ஆனாலும் சரி. கொடியிலேயே காய்ந்து உலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், மழை வரும்போல் இருந்தால் கொடியோடு பிடுங்கிக் கார் நிறுத்துகிற கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடலாம். பீன்ஸ் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்வதால் ரகம் கலப்பது குறைவு. இருந்தாலும் தேனீ நடமாட்டம் உண்டு, நான் க்ரீஸியை ஒரு மூலையிலும் செரோக்கியை இன்னொரு மூலையிலும் போடுகிறேன்.

உரித்த விதையை நிழலில் மூன்று வாரம் காயவிட்டு, ஒன்றைக் கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்துப் பார்க்க வேண்டும். சிதறினால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் காய வேண்டும். ஊரில் அம்மாயி சாம்பல் போட்டுப் பிசறி, மேலே வசம்பு ஒரு துண்டு வைப்பார். இங்கே கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம், உள்ளே இருக்கிற வண்டு முட்டை செத்துவிடும். நன்றாகக் காயாமல் ஃப்ரீசரில் வைத்தால் விதையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் பாட்டிலைத் திறக்காதீர்கள், சூடு ஆறுகிற மாதிரி குளிர் ஆறட்டும், இல்லையென்றால் விதை வியர்த்துவிடும்.

போன செப்டம்பரில் காய் எக்கச்சக்கம். பக்கத்து வீட்டம்மா தடித்த நூலும் ஊசியும் கொண்டுவந்து, நார் உரித்த முழுக்காய்களை நடுவில் குத்தி மாலை மாதிரி கோத்துத் திண்ணையில் தொங்கவிட்டார். இரண்டு மாதத்தில் காய்ந்து சுருண்டு பழுப்பாகிவிட்டது. 'லெதர் பிரிச்சஸ்', தோல் கால்சட்டை என்று பெயராம். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, இது நம் வத்தல், உப்பும் மோரும் மட்டும்தான் இல்லை. எனக்கும் நாலு சரம் கொடுத்தார். ஒரு சரத்தை ராத்திரி ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம் தாளித்து வத்தக்குழம்பு வைத்தேன். கொத்தவரை வத்தலை விட நல்ல சதைப்பற்று, புளியை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. ஒரு கிண்ணம் சோறும் குழம்பும் வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அவர் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக, ஒவ்வொரு கரண்டிக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு ஹனி. ஆனா ஒரு துண்டு பன்றிக் கொழுப்பு போட்டிருக்கலாம்."